குரூப் 4: கோச்சிங் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: என் மகளுக்கு 20 வயது, பி.ஏ. இறுதி ஆண்டு. ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் வழிதான். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பு. குரூப் 4 எழுத ஆசைப்படுகிறாள். பக்கத்து ஊர் பயிற்சி மையத்தில் 30 ஆயிரம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? எங்கிருந்து தொடங்குவது? – ஒரு தந்தை, அரூர் வட்டம்

பதில்: சேர்ப்பதைப் பிறகு பார்க்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கட்டுங்கள். காரணம் சொல்கிறோம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதனால்தான் இவ்வளவு கூட்டம். 2022-இல் 7,301 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2024 அறிவிக்கையில் 6,244 இடங்கள், 2025-இல் 3,935. எண்ணிக்கை இப்படி ஏறி இறங்கும், பிறகு கூட்டப்படுவதும் உண்டு. இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானோர் மோதுவது இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பணிகளுக்கு. தட்டச்சர் பணிக்கோ அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சு முடித்தவர்கள் மட்டும்தான் போட்டி. எழுதுவது ஒரே வினாத்தாள், அடிப்படைச் சம்பளமும் இளநிலை உதவியாளரைப் போல 19,500 ரூபாய்தான். ஆனால் கட்-ஆஃப் வழக்கமாகவே கீழே நிற்கும். தட்டச்சு முடித்திருப்பதால் மற்ற பணிகளுக்கான வாய்ப்பு போய்விடாது. தரவரிசை நன்றாக இருந்தால் கலந்தாய்வில் இளநிலை உதவியாளர் இடத்தையே எடுக்கலாம்.

தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டு தட்டச்சிலும் ஹையர் (முதுநிலை) இருந்தால் முன்னுரிமை. ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர் (இளநிலை) என்றாலும் தகுதி உண்டு. லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் வேகம் வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இரண்டு முறை இந்தத் தேர்வை நடத்துகிறது. இன்று சேர்ந்தால் இரண்டு மொழியும் முடிய ஒன்றரை ஆண்டாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கல்வித் தகுதி அறிவிக்கை வெளியான தேதியில் கையில் இருக்க வேண்டும். அறிவிக்கைக்குப் பிறகு வந்த டைப்ரைட்டிங் ரிசல்ட் அந்த ஆண்டுக்கு உதவாது.

அடுத்தது தமிழ் வழிச் சான்று. பேச்சுவழக்கில் பி.எஸ்.டி.எம். என்பார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அது ஒவ்வொரு வகுப்புப் பிரிவுக்குள்ளும், பெண்களுக்கான இடங்களுக்குள்ளும் தனியாகப் பிரித்துக் கணக்கிடப்படும். உங்கள் மகளுக்குப் பெரிய பலமே இதுதான். ஆனால் வாயால் சொன்னால் செல்லாது. குரூப் 4-க்கு ஒன்றாம் வகுப்பு முதல் பத்து வரை தமிழ் வழி என்று, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் உரிய படிவத்தில் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட சான்று வேண்டும். தொடக்கப்பள்ளி ஓரிடம், உயர்நிலைப்பள்ளி வேறிடம் என்றால் இரண்டு சான்று. இடையில் ஒரே ஒரு வகுப்பை ஆங்கில வழியில் படித்திருந்தாலும் இந்த ஒதுக்கீடு கிடையாது. மாற்றுச் சான்றிதழை வைத்துச் சமாளிக்கலாம் என்று இருந்துவிட்டு, ரிசல்ட் வந்த பிறகு பள்ளி பள்ளியாக ஓடுபவர்கள் ஏராளம். இந்த மாதமே வாங்கிவிடுங்கள்.

சாதிச் சான்று தந்தை பெயரில் இருக்க வேண்டும். நாளை திருமணம் ஆனாலும் அப்படியே. கணவர் பெயரில் வாங்கிய சான்றை ஏற்க மாட்டார்கள்.

தேர்வாணையத் தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்ய 150 ரூபாய். ஐந்து ஆண்டுக்குச் செல்லும், ஆதார் இணைக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் தனியாக 100 ரூபாய். உங்கள் வகுப்புக்கு மூன்று முறை கட்டண விலக்கு உண்டு. ஆனால் எத்தனை முறை பயன்படுத்தினோம் என்பதை மறந்து நான்காவது முறையும் விலக்குக் கேட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும். சந்தேகம் இருந்தால் 100 ரூபாயைக் கட்டிவிடுவது மேல். விண்ணப்பத்தை நெட் சென்டர்காரரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். தமிழ் வழி, தட்டச்சு, வகுப்பு ஆகிய மூன்று இடங்களிலும் சரியாகக் குறித்திருக்கிறதா என்று மகளே படித்துப் பார்க்க வேண்டும். திருத்த மூன்று நாள் அவகாசம் தருவார்கள். அது முடிந்தால் எதையும் மாற்ற முடியாது.

வயது விஷயத்தில் இந்த ஆண்டு ஒரு தடை வரலாம். கிராம நிர்வாக அலுவலர் பணிக்குக் குறைந்தது 21 வயது, மற்ற பெரும்பாலான பணிகளுக்கு 18. அறிவிக்கை ஆண்டின் ஜூலை 1 அன்று எவ்வளவு வயது என்று பார்ப்பார்கள்.

இனி படிப்பு. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் 100 கேள்வி தமிழ். அடுத்த 100-இல் பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் படிப்பவருக்கு 60 ஒரு பொருட்டல்ல, ஆனால் தரவரிசைக்கு இரண்டு பகுதியின் மொத்தமும் சேரும் என்பதால் அங்கே 100 கேள்வியில் 90-ஐத் தாண்டப் பார்க்க வேண்டும். வேலை கிடைப்பதும் போவதும் பெரும்பாலும் அந்த 25 கணக்கில்தான். தினமும் ஒரு மணி நேரம் கையால் போட்டுப் பழகாமல், வீடியோ பார்த்து மட்டும் கணக்கு வராது. பாடத்திட்டத்தைத் தேர்வாணையத் தளத்தில் இறக்கி, ஆறாம் வகுப்பு முதலான சமச்சீர் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் படிக்கட்டும். புத்தகங்கள் பாடநூல் கழகத் தளத்தில் இலவசம். தருமபுரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தையும் விசாரியுங்கள். வகுப்பும் மாதிரித் தேர்வும் கட்டணமின்றி நடத்துவார்கள். இவற்றுக்குப் பிறகும் கோச்சிங் தேவைப்பட்டால் மாதிரித் தேர்வுத் தொகுப்பு மட்டும் வாங்கலாம்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஆனால் எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. விடை தெரியாவிட்டால் அதற்கென்று ஐந்தாவதாக ‘E’ வட்டம் இருக்கிறது. எதையும் நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் கழியும். அதனால் தெரியாததற்கும் யோசித்து ஒன்றைக் குறிப்பதே லாபம். கறுப்பு பால்பாயிண்ட் பேனா மட்டும். வீட்டில் பழகும் மாதிரித் தேர்வையும் ஓ.எம்.ஆர். தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். இத்தனை லட்சம் கொடுத்தால் இன்டர்வியூவில் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது வீடு தேடி வந்தால், உட்காரவே சொல்லாதீர்கள்.