பட்டறைக் கேள்விகள்: சைக்கிளுக்கு நீராவி எஞ்சின்

நாங்கள் நான்கு பேர், மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருடம். நீராவியில் ஓடும் சைக்கிள்தான் எங்கள் பிராஜெக்ட். பழைய ஏர் கம்ப்ரஸரை எஞ்சினாக மாற்றிவிட்டோம். பாய்லருக்கு, வீட்டில் சும்மா கிடக்கும் காலி கேஸ் சிலிண்டரை வெட்டிப் பயன்படுத்தலாமா? சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ பிரஷர் போதுமா?
*பாலிடெக்னிக் மாணவர், கரூர்*

தம்பி, உங்கள் கடிதத்தில் எஞ்சினுக்கு நாலு பக்கம், பாய்லருக்கு ரெண்டே வரி. அது அப்படியே தலைகீழாக இருந்திருக்க வேண்டும். எஞ்சின் சொதப்பினால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேரலாம். பாய்லர் உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கப் போகிறது.

சிலிண்டரைத் தொடாதீர்கள். ஒன்று, அது உங்களுடையதே இல்லை. டெபாசிட் மட்டும்தான் உங்களுடையது. காலி என்று நினைத்து வெட்டப்போய் உள்ளே மிச்சம் இருக்கும் கேஸ் பற்றிக்கொள்வது தனிக் கதை. சாதாரண சூட்டில் கேஸைப் பிடித்து வைக்கத்தான் அந்தத் தகடு, அடுப்பின் மேல் உட்காருவதற்கு அல்ல. அப்புறம், 14.2 கிலோ சிலிண்டரின் உள்ளளவு சுமார் 33 லிட்டர். நம் நாட்டுச் சட்டப்படி 25 லிட்டருக்குக் குறைந்தது பாய்லர் கணக்கில் வராது. அதைத் தாண்டி, 7 கிலோ பிரஷரும் ஏற்றினால் இன்ஸ்பெக்டர் சான்று இல்லாமல் பற்றவைக்கக் கூடாது. உடனே "அப்படியானால் 24 லிட்டரில் செய்கிறோம்" என்பீர்கள். சட்டம் விட்டுவிடும், நீராவி விடாது.

ஏன் என்று சொல்கிறேன். எல்லாரும் பயப்படுவது நீராவிக்கு. நான் ரைஸ்மில் பாய்லரில் வேலை பார்த்த காலமெல்லாம் பயந்தது உள்ளே இருக்கும் தண்ணீருக்கு. 7 கிலோ பிரஷரில் தண்ணீர் 170 டிகிரியில் இருக்கும். பிரஷர் அமுக்கிப் பிடித்திருப்பதால்தான் அது தண்ணீராகவே இருக்கிறது. தகடு கிழிந்து பிரஷர் போன அந்த நொடியில், 10 கிலோ தண்ணீரில் ஏறக்குறைய 1.3 கிலோ அப்படியே ஆவியாகிவிடும். அதற்கு 2,000 லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். உங்கள் சைக்கிளில் அந்த இடம் இல்லை.

ஆகவே, தண்ணீரைக் குறையுங்கள். பானை மாதிரி பாய்லர் வேண்டாம், சுருள் குழாய் பாய்லர் செய்யுங்கள். 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சீம்லெஸ் (மூட்டு இல்லாத) ஸ்டீல் குழாயை 10 மீட்டர் சுற்றினாலும் உள்ளே முக்கால் லிட்டர் சொச்சம்தான் கொள்ளும். எங்காவது விரிசல் விட்டால் சூடு படும், தோல் உரியும், ஆனால் ஆள் பிழைப்பான். பிரான்ஸில் லியோன் செர்போலே இந்த வழியில்தான் போனார். 1902இல் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் அவருடைய நீராவிக் கார் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டி, அன்றைய உலக சாதனை படைத்தது. பெட்ரோல் கார்க்காரர்கள் வாயைப் பிளந்து நின்ற வேகம் அது.

சுருளிலும் தொல்லை உண்டு. கையிருப்பு நீராவி கிடையாது. தண்ணீர் பம்ப் கொஞ்சம் சுணங்கினால் குழாய் பழுத்துவிடும். கூடுதலாகத் தள்ளினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் ஹெட்டைத் தூக்கும். பம்பையும் தீயையும் ஒத்துப்போக வைப்பதுதான் உங்கள் உண்மையான பிராஜெக்ட். பம்புக்குப் பின்னால், தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு, சுருளின் வாயில் சேஃப்டி வால்வு, இரண்டும் கட்டாயம். சேஃப்டி வால்வுக்கு முன்னால் எந்தக் குழாய்த் திருகும் வரக் கூடாது.

அதுவரை எஞ்சினை பஞ்சர் கடை காற்றில் ஓட்டிப் பாருங்கள். கம்ப்ரஸரின் வால்வு தானாகத் திறந்து மூடுவது. நீராவிக்கு அது உதவாது, சுழலும் கிராங்க் தண்டோடு சேர்ந்து இயங்கும் வால்வு வேண்டும். அதை எப்படி மாற்றினீர்கள் என்று நாலு பக்கத்தில் எங்குமே காணோம்.

மகனுக்காக 20 செ.மீ. விட்டத்தில், இரண்டு பக்கமும் தட்டையான மூடி வைத்து சின்ன பாய்லர் வெல்டு பண்ணினேன். 7 கிலோவுக்குக் காற்று அடித்து சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், லீக் இல்லை. போதுமா?
*லேத் பட்டறைக்காரர், ராஜபாளையம்*

அண்ணாச்சி, வெல்டிங்கில் உங்கள் கை சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்றடித்துச் சோதித்தது பெரிய துணிச்சல். காற்று சுருங்கி உட்கார்ந்திருக்கும். மூடி பிய்ந்தால் துரத்திக்கொண்டு வரும். தண்ணீர் சுருங்காது, பிய்ந்தால் ஒரு பீச்சு, அதோடு முடிந்தது.

பாய்லரைப் பச்சைத் தண்ணீரால் வாய் வரை நிரப்புங்கள். மேல் திருகைத் திறந்து காற்று முழுவதையும் விரட்டுங்கள். கைப்பம்பால் 10.5 கிலோ வரை, அதாவது ஓட்டப்போகும் பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு, மெதுவாக ஏற்றி மூடிவிட்டு அரை மணி நேரம் பிரஷர் கேஜ் முள்ளைப் பாருங்கள். வெல்டிங் ஓரமெல்லாம் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். குறை இருக்கும் இடத்தில் முத்து முத்தாக வியர்க்கும். துடைத்த பிறகும் அதே இடத்தில் வியர்த்தால், அரைத்து எடுத்துவிட்டு மறுபடி வெல்டு. மேலே பூசி மெழுகுவது கூடாது.

உங்கள் தட்டை மூடிதான் எனக்கு உறுத்துகிறது. 20 செ.மீ. வட்டம் என்றால் 314 சதுர சென்டிமீட்டர். 7 கிலோவில் ஒவ்வொரு மூடியையும் சுமார் 2,200 கிலோ வெளியே தள்ளும். தட்டைத் தகடு உப்பி உப்பி அடங்கி, ஒருநாள் ஓரத்தில் கிழியும். குழிவாக அடித்த மூடி போடுங்கள், அல்லது இரண்டு மூடியையும் உள்ளே கம்பி கொடுத்துக் கட்டுங்கள்.

தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் வைத்திருக்கிறீர்களா? மில்லில் ஷிப்டு மாறியதும் முதல் வேலை, கண்ணாடியின் கீழ்த் திருகைத் திறந்து மூடுவது. தண்ணீர் சட்டென்று விழுந்து சட்டென்று ஏறி நிற்க வேண்டும். சோம்பேறித்தனமாக ஏறினால் வழி அடைத்திருக்கிறது, கண்ணாடி காட்டும் மட்டம் பொய்.

எட்டாவது படிக்கும் பையன் குக்கர் விசிலில் டியூப் மாட்டி சைக்கிள் சக்கரத்தைச் சுற்றவைக்கப் போகிறானாம். விடலாமா?
*ஓர் அம்மா, கும்பகோணம்*

வேண்டாம் அம்மா. குக்கரில் ஒரு கிலோ பிரஷர்தான், சக்கரம் அசையாது. அசையவில்லை என்றதும் அடுத்து வெயிட்டைக் கட்டி வைக்கத் தோன்றும். திருவிழாக் கடையில் விளக்கு வைத்து ஓட்டும் தகரப் படகு கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். குழாய் வாய் திறந்தே இருப்பதால் அதில் பிரஷர் சேராது, அதுவும் நீராவிதான்.

நீராவி சைக்கிளைக் கண்டுபிடித்த அமெரிக்கர், பாய்லர் வெடித்துச் செத்ததாக வீடியோ பார்த்தேன். உண்மையா?
*வாசகர், வேலூர்*

சில்வெஸ்டர் ரோப்பரைச் சொல்கிறீர்கள். பாஸ்டன் பக்கம், ராக்ஸ்பரிக்காரர். இறந்தது சைக்கிள் மேல்தான், பாய்லர் வெடிக்கவில்லை. 1896 ஜூன் 1, பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் சைக்கிள் பந்தயத் தடத்தில் நீராவி சைக்கிளை விரட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது வண்டி தடுமாறி விழுந்தார். இதயம் நின்றிருந்தது. வயது 72. அந்த வயதில் அந்த வேகம்! மனுஷனின் பாய்லர் வேலைக்கு நான் வணக்கம் வைப்பேன்.

1869 வாக்கில் அவர் செய்த முதல் வண்டி வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரி அடுப்பும் பாய்லரும் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, புகைபோக்கி சீட்டுக்குப் பின்னால், சீட்டே தண்ணீர்த் தொட்டி. கைப்பிடியை ஒரு பக்கம் முறுக்கினால் நீராவி, மறுபக்கம் முறுக்கினால் பிரேக். இதே காலத்தில் பாரிஸில் லூயி-கியோம் பெரோவும் மிஷோ கம்பெனி சைக்கிளில் நீராவி எஞ்சினைப் பூட்டினார். ஆகவே "கண்டுபிடித்தவர்" பட்டத்துக்கு இரண்டு நாட்டுக்காரர்களும் சண்டை போடுவார்கள்.

நீராவி சைக்கிள் என்ன மைலேஜ் கொடுக்கும்?
*வாசகர், தாம்பரம்*

கரூர் தம்பிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நன்றாக மிதிப்பவர் 100 வாட் கொடுப்பார். எஞ்சினில் 200 வாட் வேண்டுமென்றால், இந்தச் சின்ன சைஸில் மணிக்கு ஆறு லிட்டர் தண்ணீரும் 600 கிராம் கேஸும் வைத்துக்கொள்ளுங்கள். எரிக்கிற சூட்டில் நூற்றில் மூன்று பங்குகூடச் சக்கரத்துக்குப் போகாது. 20 கிலோமீட்டருக்கு ஒருமுறை குழாயடி தேட வேண்டியிருக்கும், அதுவும் உப்புத் தண்ணீர் ஆகாது.