அந்தத் தோலை நறுக்காதீர்கள்

அன்புள்ள டாக்டர்,

என் மகளுக்கு 9 வயது. கை நகங்களில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி விழுகிறது. கால்சியம் குறைவு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் ஒரு மாதமாக மாத்திரை கொடுக்கிறேன். புள்ளி போகவில்லை. நகத்தை நன்றாகத்தான் பராமரிக்கிறேன். ஞாயிறுதோறும் வெட்டிவிட்டு, அடியில் ஏறியிருக்கும் தோலையும் பின்னுக்குத் தள்ளிச் சுத்தமாக நறுக்கிவிடுவேன். இரண்டு முறை நகச்சுற்று வந்து எலுமிச்சம்பழம் செருகினோம். என்ன சத்துக் குறைவு? செத்த பிறகும் நகம் வளருமா என்று மகள் கேட்கிறாள்.

மீனா, ராஜபாளையம்

அன்புள்ள மீனா,

மாத்திரையை நிறுத்துங்கள். நகம் கெரட்டின் என்னும் புரதம், முடியைப் போல. அதில் கால்சியம் மிகச் சொற்பம். புரத இழைகளைக் கோத்துப் பிடிக்கும் கந்தகப் பிணைப்புகளால்தான் அதற்கு அந்த விறைப்பு. செத்த உடலில் நகம் வளராது. தோல் வற்றி உள்வாங்குவதால் நீண்டதுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

‘சுத்தமாக நறுக்கிவிடுவேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். ஏனம்மா நறுக்குகிறீர்கள்? அந்தத் தோல் உங்களை என்ன செய்தது?

குழந்தையின் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நகத்தின் அடியில் வெளிறிய பிறை ஒன்று தெரியும். நகம் பிறக்கும் வேரின் முன்முனை அது. மீதி வேர் தோல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. மடிப்பின் விளிம்பிலிருந்து கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய தோல் நகத்தின்மேல் ஒட்டிக்கொண்டு வரும். அழகுநிலையங்களில் க்யூட்டிகிள் என்பார்கள். மீன்தொட்டியின் கண்ணாடி இணைப்பில் சிலிகான் பூசுகிறார்களே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. உயிரற்ற தோல் என்பதால் நறுக்கினால் வலிக்காது. வலிக்காததால் வேண்டாததென்று நினைத்துவிடுகிறோம். அது போனதும் நகத்துக்கும் மடிப்புக்கும் நடுவே ஒரு பை திறக்கிறது. சோப்புத் தண்ணீர், மண், எச்சில் எல்லாம் அதற்குள் இறங்கும். தோலில் சும்மா இருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியும் கூடவே போகும். இரண்டு மூன்று நாளில் சிவந்து, விண்விண்ணென்று தெறித்து, சீழ் கட்டும். உங்கள் வீட்டு நகச்சுற்று இப்படித்தான் வந்திருக்கும். உடம்புச் சூட்டின்மேல் பழி போட வேண்டாம்.

வெள்ளைப் புள்ளிக்கும் பெரும்பாலும் இதே கைதான் காரணம். தோலைப் பின்னுக்குத் தள்ளும்போது அழுத்தம் உள்ளேயிருக்கும் வேரில் விழுகிறது. அடிபட்ட இடத்தில் உருவாகும் செல்கள் முழுதாக முதிர்வதில்லை. அங்கே ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. நகம் கடித்தாலும், கதவில் இடித்துக்கொண்டாலும் இதேதான். நகம் முழுக்க, எல்லா விரலிலும் வெளுத்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புள்ளி தெரிவது இன்று. அடிபட்டது மாதங்களுக்கு முன். கைநகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும், கால்நகம் அதில் பாதிகூட இருக்காது. வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் கட்டைவிரல் நகத்தில் மாதாமாதம் கோடு போட்டு 35 ஆண்டுகள் அளந்தார். 32 வயதில் நாளுக்கு 0.123 மி.மீ. வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. விழுந்த புள்ளி மாத்திரையால் அழியாது. நகத்தோடு நகர்ந்துபோய் வெட்டுப்பட்டுத்தான் போகும்.

குளித்த பின் நகம் மெத்தென்று இருக்கும்போது நேராக வெட்டுங்கள், 1 மி.மீ. வெள்ளை விளிம்பு மிஞ்சட்டும். கால்நக ஓரத்தைத் தோண்டாதீர்கள், சதைக்குள் வளரும். ஓரத்தில் பிசிறு கிளம்பினால் இழுக்காமல் அடியோடு கத்தரியுங்கள். ராத்திரி விளிம்பில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

மறுபடி வீங்கினால் எலுமிச்சம்பழம் வேண்டாம். புளிப்பு புண்ணில் எரியும், தோலும் ராவெல்லாம் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை விரலை வைத்து, நன்றாகத் துடையுங்கள். மஞ்சளாகச் சீழ் திரண்டால் ஊக்கால் குத்தாதீர்கள், மருத்துவர் எடுக்கட்டும். சிவப்பு விரலில் மேலேறினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு நகச்சுற்று வந்தால் வெந்நீரோடு காத்திருக்கவே கூடாது.

மகளிடம் ஒரு ஸ்கேல் கொடுங்கள். தோல் விளிம்பிலிருந்து புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கட்டும். அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.