இடையில் நின்ற படிப்பு: வங்கி மறுபடியும் கடன் தருமா?

கேள்வி: தக்கலை அருகே எங்கள் ஊர். நான் 22 வயதுப் பெண். 2021இல் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் கல்லூரியில் (இசிஇ) சேர்ந்தேன். வங்கியில் 3,00,000 ரூபாய் கல்விக்கடன் அனுமதித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 73,000 வீதம் 1,46,000 ரூபாய் கல்லூரிக்குப் போனது. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். 2023இல் அவருக்குப் பக்கவாதம் வந்ததும், நான்காவது செமஸ்டரோடு நின்றுவிட்டேன். இரண்டு பேப்பர் அரியர் இருக்கிறது. இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் 9,500 ரூபாய் சம்பளம். அம்மா முந்திரி ஆலைக்குப் போகிறார். தம்பி பிளஸ் டூ. அப்பா ஓரளவு தேறிவிட்டதால் வரும் ஜூலையில் மூன்றாம் ஆண்டில் மறுபடியும் சேர நினைக்கிறேன். ஆகஸ்டு முதல் தவணை கட்ட வேண்டும் என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பாதியில் நின்றவர்களுக்கு வங்கி திரும்பக் கடன் தராது என்கிறார்கள். உண்மையா? அம்மாவிடம் இருக்கும் ஒன்பது பவுனை அடகு வைத்துப் பழைய கடனை அடைத்துவிடலாமா? கேரளத்தில் புதிதாக நர்ஸிங் சேரச் சொல்கிறார் அத்தை. எது சரி?

பதில்: முதலில் அந்தப் பவுனைத் திரும்பப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

பாதியில் நின்றவருக்குக் கடன் கிடையாது என்று எந்த விதியிலும் இல்லை. பெரும்பாலான வங்கிகள் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தைத்தான் பின்பற்றுகின்றன. அதில் மாணவருக்கு வயது வரம்பு இல்லை. படிப்பு உரிய காலத்தில் முடியாவிட்டால் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப்புத் தரலாம் என்று அதில் இருக்கிறது. மாணவரின் கையை மீறிய காரணம் என்றால், அதற்கு மேலும் தேவையான காலம் தருவது கடனை அனுமதித்த அதிகாரியின் முடிவு. இடையில் நின்றே போனவருக்கும், பேசித் தீர்த்துத் தவணை வகுத்துக்கொடுக்க வேண்டும் என்றுதான் திட்டம் சொல்கிறது. ஊரில் சிலருக்குக் கடன் கிடைக்காமல் போயிருக்கும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய பழைய கணக்கைப் பார்த்தால் தவணை தவறி வாராக்கடனாகக் கிடக்கும். மறுப்புக்குக் காரணம் அதுவே. படிப்பை நிறுத்தியது அல்ல.

உங்கள் கணக்கு இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. 2021இல் சேர்ந்தவருக்குப் படிப்பு முடியும் காலம் 2025 நடுப்பகுதி. அதன் பிறகு தவணை கட்ட வேண்டாத ஓராண்டு சலுகைக் காலம். அது இப்போது முடிவதால்தான் ஆகஸ்டுத் தவணைக்குச் செய்தி வந்திருக்கிறது. நீங்கள் நின்றுவிட்ட விவரம் வங்கிக்கே தெரியாது என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டுகளாகச் சொல்லாமல் இருந்தது தவறுதான், அதை மேலாளர் முன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கு சுத்தமாக இருக்கும்போதே நீங்கள் விழித்துக்கொண்டது பெரிய விஷயம். தவணை தவறி 90 நாட்கள் தாண்டினால் அது வாராக்கடன் ஆகிவிடும். அதாவது, கவனிக்காமல் விட்டால் நவம்பருக்குள் கதை மாறிவிடும்.

இது முதல் கெடு. இரண்டாவது கெடுவைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. கடனைவிட எனக்கு அதுதான் கவலை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், பிளஸ் டூ முடித்து நேரடியாக முதலாண்டு சேர்ந்தவர் 14 செமஸ்டருக்குள் பட்டம் முடிக்க வேண்டும். நின்றிருந்த காலமும் இந்தக் கணக்கில் சேரும். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 2021 இறுதியில் உங்கள் முதல் செமஸ்டர். வரும் ஜூலையில் ஐந்தாம் செமஸ்டரில் உட்கார்ந்தால் அது கணக்கில் பதினோராவது. எட்டாம் செமஸ்டரை 2028 நடுவில் முடிக்கும்போது அது சரியாகப் பதினான்காவது. ஒரு செமஸ்டர்கூட மிச்சம் இல்லை. ஐந்தாம் செமஸ்டர் பாடங்கள் ஜூலையில் தொடங்கும் அரையாண்டில்தான் நடக்கும் என்பதால், இந்த ஜூலையைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு 2027. அப்போது காலம் போதாது. பழைய இரண்டு அரியரையும் திரும்பிச் சேரும் முதல் ஆண்டிலேயே முடித்துவிட வேண்டும், புதிதாக ஒன்றும் விழக் கூடாது. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுடைய விதிமுறைப் புத்தகத்தைப் பாருங்கள், எண்கள் வேறாக இருக்கலாம்.

ஆகவே நாளைக்கே கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள். மறுசேர்க்கை என்பது கல்லூரி முதல்வர் மட்டும் தலையாட்டினால் நடக்கும் காரியம் அல்ல. விண்ணப்பம் கல்லூரி வழியாகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்த் திரும்ப வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். ஜூன் கடைசியில் போய் நின்றால் வேலை முடியாது. ஒரு நல்ல செய்தி: 2024இல் சேர்ந்தவர்களோடு உட்காரப் போகிறீர்கள், அவர்களுக்கும் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டமே. கூடுதல் பேப்பர் எழுதும் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

மறுசேர்க்கை ஆணை கைக்கு வரும்வரை வங்கிக்குப் போகக் கூடாது என்று நினைக்காதீர்கள். விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியோடு இப்போதே ஒருமுறை போங்கள், ஆணை வந்ததும் மறுமுறை போங்கள். வாயால் பேசிவிட்டு வரக் கூடாது. நான் ஒரு காலத்தில் நாகர்கோவில் கிளையொன்றில் கடன் பிரிவில் இருந்தவன். நல்ல மேலாளர் ஒருவர் "பார்த்துக்கலாம் மக்களே" என்று சொல்லி அனுப்புவார். அடுத்த மாதம் அவருக்கு இடமாற்றம் வரும். புதிதாக வந்தவருக்கு உங்களைத் தெரியாது, கோப்பில் இருக்கும் தாளைத்தான் தெரியும்.

கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும். 2023இல் தந்தையின் நோயால் படிப்பு நின்றது, அதை அப்போது தெரிவிக்கத் தவறிவிட்டேன் என்பது ஒன்று. படிப்பு முடியும் காலத்தை 2028 ஆகத் திருத்தி, தவணைத் தொடக்கத்தை அதற்கு ஓராண்டு தள்ளித் தாருங்கள் என்பது இரண்டு. ஏற்கெனவே அனுமதித்த கடனில் இன்னும் வழங்காத 1,54,000 ரூபாயை மீதி இரண்டு ஆண்டுகளுக்கு விடுவியுங்கள் என்பது மூன்று. புதுக்கடன் கேட்கிறேன் என்று எழுதாதீர்கள். பழைய கடனின் மீதியைத்தான் கேட்கிறீர்கள். வழங்காத தொகையை ரத்து செய்துவிட்டோம் என்று சொன்னால், மறு அனுமதிக்கு விண்ணப்பம் கொடுங்கள். மொத்தம் மூன்று லட்சம் என்பதால் கவலை வேண்டாம். நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீனும் கேட்கக் கூடாது, உங்கள் கையிலிருந்து பங்கும் போட வேண்டியதில்லை.

மேலே சொன்ன நீட்டிப்பு விதியை மறுபடியும் பாருங்கள். உங்கள் தாமதம் மூன்று ஆண்டுகள், விதி தாராளமாகத் தருவது இரண்டு. மூன்றாவது ஆண்டு "கையை மீறிய காரணம்" என்ற வாசலில்தான் நுழைய வேண்டும். அதனால் அப்பாவின் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, மருந்துச் சீட்டுகள் எல்லாம் கடிதத்தோடு போகட்டும். பக்கவாதம் வந்த வீட்டில் இந்தத் தாள்களை யார் பத்திரப்படுத்தினார்கள் என்று கேட்பீர்கள். மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் கேட்டால் நகல் கிடைக்கும். பால்வெட்டுக்குப் போகிறவர் கையில் சம்பளச் சீட்டு இருக்காது, மழை பிடித்தால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. ஆகவே கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகப் புது வருமானச் சான்றிதழும் எடுத்துவிடுங்கள். அப்பாதான் இணைக் கடன்தாரர் என்றால், அம்மாவையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதிக்கொடுங்கள்.

வட்டி மானியத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன் பிறகான ஓராண்டுக்கும் உரிய வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. ஆனால் படிப்பை இடையில் விட்டவருக்கு அது கிடையாது. மருத்துவக் காரணத்தால் விட்டிருந்து, கல்வி நிறுவனத் தலைவருக்குத் திருப்தியான சான்று இருந்தால் மட்டும் விலக்கு. தந்தையின் நோய் அந்த "மருத்துவக் காரணத்தில்" அடங்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கேளுங்கள், கிடைத்தால் லாபம். பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற அந்தத் திட்டம் தேசியத் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த கல்லூரிகளுக்கு மட்டும். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள், அதோடு விடுங்கள்.

மானியம் இல்லை என்றே வைத்துப் பணக்கணக்குப் பார்ப்போம். எளிதாக இருக்க 10 சதவீதத் தனிவட்டி என்று கொள்கிறேன், உங்கள் பாஸ்புக்கில் உள்ள விகிதத்தைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இதுவரை ஏறியிருக்கும் வட்டி சுமார் 58,400 ரூபாய். இனி ஆண்டுக்கு 77,000 வீதம் மீதிக் கடனையும் வாங்கி, நடுவில் ஒரு காசும் கட்டாமல் விட்டால், 2029 நடுவில் தவணை தொடங்கும்போது நிற்பது 4,40,700 ரூபாய். இதைப் பதினைந்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 4,740 ரூபாய் ஆகும். இப்போதிலிருந்தே மாதாமாதம் ஏறும் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே வந்தால், 2029இல் நிற்பது 3,58,400. அதே 4,740 ரூபாயைக் கட்டினால் பத்து ஆண்டுகளில் கடன் முடிந்துவிடும். ஐந்து ஆண்டுத் தவணை மிச்சம். இன்றைக்கு அந்த வட்டி மாதம் 1,217 ரூபாய்தான். புதுத் தொகை வழங்கும்போது முதல் ஆண்டு 1,860 அளவுக்கும், இரண்டாம் ஆண்டு 2,500க்கும் உயரும். படிக்கும் காலத்திலேயே வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குச் சில வங்கிகள் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்கின்றன, அதையும் கேளுங்கள்.

துணிக்கடை வேலையை விட்ட பிறகு அந்த 1,217க்கு எங்கே போவது? நீங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர் என்றால் (நம் மாவட்டத்தில் அத்தகைய பள்ளிகள் ஏராளம்), கல்லூரி மாணவிகளுக்குத் தமிழக அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கல்லூரியில் இருந்தபோது அது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இருந்தது. 2024-25 முதல்தான் உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. மறுசேர்க்கை பெற்றவருக்கு எப்படி என்பதைக் கல்லூரியில் அதற்கென இருக்கும் பொறுப்பாசிரியர் சொல்வார். முதல் பட்டதாரி சலுகை வாங்கியிருந்தால், அது தொடருமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

இனி அந்த ஒன்பது பவுன். இந்தக் கடனை நகையால் அடைப்பதில் பொருளே இல்லை. தவணை தள்ளிப்போகும், தனிவட்டி மட்டும் ஏறும் கடனை முடித்துவிட்டு, மறுநாளே வட்டி ஓடத் தொடங்கும் நகைக்கடனை வாங்குவீர்கள். அதோடு மீதி 1,54,000 ரூபாய்க்கான கதவையும் நீங்களே சாத்திக்கொள்வீர்கள். கல்லூரி கட்டணம் கேட்கும் நாளுக்குள் வங்கி பணம் விடுவிக்கவில்லை என்றால் மட்டும், இரண்டு பவுனை வங்கியில் வைத்துக் கட்டிவிட்டுப் பணம் வந்ததும் மீட்டுவிடுங்கள். தெருமுனை ஃபைனான்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

அத்தை சொல்லும் நர்ஸிங் நல்ல தொழில். குமரிப் பெண்கள் அதை நம்பிக் கடல் கடந்து வீடு கட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு அதில் மனம் இருந்தால் வேறு பேச்சு. ஆனால் பழைய கடனிலிருந்து தப்பிக்க அது வழி அல்ல. பொறியியலுக்குச் செலவழித்த 1,46,000 வட்டியோடு நிற்கும், தவணை ஆகஸ்டில் தொடங்கும், நான்கு ஆண்டுக் கட்டணம் புதிதாகத் தொடங்கும். அதிலும் சீட்டும் கடனும் சேர்த்து வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஏஜென்டிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்றால் வங்கி தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு விடை ஏஜென்டிடம் இருக்காது.

வங்கி மறுத்தால்? கல்விக்கடன் விண்ணப்பத்துக்குப் பொதுவாக 15 முதல் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள். முதலில் வங்கியின் குறைதீர் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் கிடையாது. விளக்கம் வேண்டுமென்றால் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அதற்கு முன்பு நாகர்கோவிலில் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாதிச் சிக்கல்கள் அங்கேயே அவிழ்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகத் தம்பி. அடுத்த ஆண்டு அவனும் கல்விக்கடன் கேட்டு இதே குடும்பத்தின் பெயரில் விண்ணப்பிப்பான். உங்கள் கணக்கு வாராக்கடன் ஆனால் உங்கள் பெயரோடு இணைக் கடன்தாரரான அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பதைக் காட்டும் எண்) விழும். மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் வைத்துக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. ஆனால் தம்பி வழக்குப் போட்டுப் படிக்க வேண்டுமா? ஆகஸ்டுக்குள் வங்கியின் முடிவு வராவிட்டால், அந்த ஒரு தவணையைக் கடன் வாங்கியாவது கட்டிவிடுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளையின் படியை விட்டு இறங்காதீர்கள்.