கிறிஸ்தவர்கள் இன்றும் ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டுமா? சனியா, ஞாயிறா?

கிழமை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். யூதர்களுக்கு ஓய்வுநாள் வெள்ளி பொழுது சாய்வதிலிருந்து சனி பொழுது சாயும் வரை. இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் ஆதிச் சபையார் அன்று அப்பம் பிட்கக் கூடினார்கள் (அப்போஸ்தலர் 20:7). ஆனால் ரோம ராஜ்யத்தில் அது வேலை நாள். கி.பி. 321-ல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஆணையிட்ட பிறகே ஞாயிறு சட்டப்படி ஓய்வுநாள் ஆனது. அதிலும் விவசாயிகளுக்கு விலக்கு உண்டு. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் இன்றும் சனியைத்தான் ஆசரிக்கிறார்கள். ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்று பவுலே எழுதியிருக்க (கொலோசெயர் 2:16), நான் இதற்காக யாரோடும் வாதாடுவதில்லை.

என்னை மாற்றியது வேறொன்று. பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமம் 20-ல் ஓய்வுக்குக் காரணம், தேவன் ஆறு நாளில் எல்லாவற்றையும் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தது. உபாகமம் 5-ல் காரணமே வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை. அடிமைக்கு ஏது லீவு? வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வேலை வாங்கியவன் பார்வோன். அங்கிருந்து மீண்டு வந்தவர்களிடம்தான், நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறார் தேவன். எருதும் கழுதையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. மனைவி என்ற சொல் மட்டும் இல்லை. 'நீ' என்பதிலேயே அவளும் அடக்கம் என்பார்கள் விளக்கவுரையாளர்கள் சிலர்.

எங்கள் வீட்டில் அதை அப்படி யாரும் வாசித்ததில்லை. ஒரு ஞாயிறு கோயிலில் பிரசங்கம் ஓய்வுநாளைச் சொல்லும் நான்காம் கட்டளை பற்றியது. வீட்டுக்கு வந்து அப்பாவும் நானும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. எட்டிப் பார்த்தால், ஆராதனைக்குக் கட்டிப்போன சேலையை மாற்றக்கூட நேரமில்லாமல் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். விடியுமுன்னே எழுந்து மசாலா அரைத்தவர். விருந்தாட்கள் வருகிறார்கள் என்று வேலைக்கு வரும் அக்காவையும் வரச் சொல்லியிருந்தோம். அவர் பின்வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்று.

கிறிஸ்துவே நம் இளைப்பாறுதல், எபிரெயர் 4 சொல்வது அதைத்தான் என்று போதகர்கள் சொல்வார்கள். நானும் அதை முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் அந்தக் கிறிஸ்து, பதினெட்டு வருஷம் நிமிரக் கூடாமல் இருந்த ஒரு பெண்ணை ஓய்வுநாளில்தான் நிமிர்த்தினார். உங்கள் எருதை அன்றைக்குத் தண்ணீர் காட்ட அவிழ்த்துவிடுவீர்களே, இவளைக் கட்டவிழ்க்கக் கூடாதா என்று கேட்டார் (லூக்கா 13). அவருக்குள் இளைப்பாறுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கிறவர்களை ஓயவிடாமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நர்ஸ், போலீஸ், பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஞாயிறு கிடைக்காது. அவர்கள் வேறொரு நாளை எடுத்துக்கொள்ளட்டும். அதில் பாவம் ஒன்றுமில்லை.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஓய்வுநாளுக்கென்று ஆறாம் நாளே மன்னா என்ற உணவை இரட்டிப்பாகச் சேர்த்து வைத்தார்களே, அதுதான் இப்போது எங்கள் வீட்டு வழக்கம். சனி சாயங்காலம் நானும் அப்பாவும் வெங்காயம் உரிக்கிறோம், அம்மா புளிக்குழம்பு கூட்டி வைக்கிறார். அந்த அக்காவுக்கு ஞாயிறு லீவு, சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. போன வாரம் ஒரு மணிக்கெல்லாம் சாப்பிட்டுவிட்டு, அம்மா ஹாலில் பாய் விரித்துப் படுத்துத் தூங்கினார். நாலு மணி வரை நாங்கள் டிவி போடவில்லை.