நினைத்த டொமைன் வேறொருவர் கையில் இருந்தால்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

தொழிலுக்கு யோசித்து வைத்த பெயரில் டொமைனை, அதாவது இணையதள முகவரியை, வேறொருவர் முன்பே பதிந்திருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிறு தொழில் செய்பவர்களுக்குப் பல வருடங்களாக டொமைன் வாங்கிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு): அக்கா, மசாலாப் பொடி தொழில் தொடங்குகிறோம். பெயர் முடிவாகிவிட்டது. ஆனால் டாட் காமை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். திறந்தால் வெறும் விளம்பரப் பக்கம். யாரிடம் கேட்பது?

பதில்: பாக்கெட் அச்சடிக்கக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். பெயர் போட்ட பாக்கெட் கிடங்கில் அடுக்கிக் கிடக்கும்போது யாராலும் நிதானமாகப் பேரம் பேச முடியாது.

முன்பெல்லாம் ஹூயிஸ் (டொமைன் யாருடையது என்று காட்டும்) தேடலில் உரிமையாளர் பெயர், போன் நம்பர் எல்லாம் வரும். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். ஆனாலும் உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில், எந்தப் பதிவு நிறுவனத்தில் (டொமைனைப் பதிந்து கொடுக்கும் கம்பெனியில்) இருக்கிறது, எப்போது பதிந்தது, எப்போது காலாவதி என்பது தெரியும். அந்தப் பதிவு நிறுவனம் வழியாக உரிமையாளருக்கு மெயில் அனுப்ப ஒரு படிவமோ முகவரியோ இருக்கும். இரண்டு வரி போதும்: விற்கிற எண்ணம் உண்டா, என்ன விலை? உங்கள் முதலீடு, திறப்பு விழா தேதி எதையும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (அதே ஈரோடு வாசகி): பதில் வந்துவிட்டது அக்கா. 4,000 டாலர் கேட்கிறார். நியாயமான விலையா?

பதில்: இதற்கென்று மார்க்கெட் விலை கிடையாது. உங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பதை வீட்டில் பேசி, ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு அதற்கு மேல் போகாதீர்கள். குறைத்துக் கேளுங்கள், இரண்டு வாரம் சும்மா இருங்கள். பல வருடமாகப் பக்கம் காலியாகக் கிடந்தால் அவரே திரும்ப எழுத நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கிடைக்கவே இல்லை என்றாலும் தொழில் நின்றுவிடாது. ஃபேஸ்புக் தொடக்கத்தில் முன்னால் ‘தி’ சேர்த்த பெயரில்தான் ஓடியது. 2005இல் 2 லட்சம் டாலர் கொடுத்து இப்போதைய பெயரை வாங்கினார்கள். டெஸ்லா கார் கம்பெனி 2016 வரை ‘டெஸ்லா மோட்டார்ஸ்’ என்ற முகவரியில்தான் இருந்தது. பெயரோடு ஊரையோ ‘மசாலா’ என்ற சொல்லையோ சேர்த்துப் பாருங்கள், டாட் இன் பாருங்கள். ஒரே ஒரு விஷயம்: அந்த டாட் காமில் இன்னொரு மசாலாக் கம்பெனி உண்மையிலேயே வியாபாரம் செய்துகொண்டிருந்தால், பெயரையே மாற்றுவதுதான் நல்லது. இல்லாவிட்டால் உங்களுக்கு வர வேண்டிய ஆர்டர் அங்கே போகும்.

கேள்வி (மதுரை): இரண்டு மாதத்தில் காலாவதி என்று காட்டுகிறது. காத்திருந்து சும்மா எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். டாட் காமில் காலாவதி தேதிக்குப் பிறகும் உரிமையாளர் புதுப்பிக்க 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். அப்புறம் மீட்பதற்கு 30 நாள், கடைசியாக நீக்குவதற்கு முன் 5 நாள், அதன் பிறகுதான் பொதுவில் வரும். அதற்குள் உரிமையாளர் புதுப்பித்துவிடலாம், பதிவு நிறுவனமே ஏலத்திலும் விட்டுவிடலாம்.

கேள்வி (திருப்பூர்): பேரம் முடிந்துவிட்டது மேடம். பணம் அனுப்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: மனை வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? இதற்கும் வில்லங்கம் உண்டு. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டால் பழைய பக்கங்கள் வருடவாரியாக வரும். ஒரு காலத்தில் சூதாட்டத் தளமாகவோ போலி மருந்துக் கடையாகவோ இருந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் பட்டியலிலும் தேடுங்கள்; அதில் பெயர் இருந்தால் நீங்கள் அனுப்பும் பில்கூட வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடலாம். இந்திய டிரேட்மார்க் அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அதே பெயரை உங்கள் தொழிலுக்கான டிரேட்மார்க் பிரிவில் வேறொருவர் பதிந்திருந்தால், டொமைனை வாங்கியும் நிம்மதி இருக்காது.

பணத்தை நேராக அனுப்பாதீர்கள். பல வருடம் முன்பு என்னிடம் வந்த ஒருவர், விற்பவர் நன்றாகப் பேசினார் என்று முழுத் தொகையையும் அனுப்பிவிட்டார். மறுநாளில் இருந்து பதிலே இல்லை. அந்தக் காசு திரும்பவே இல்லை. எஸ்குரோ சேவையில் பணம் நடுவில் இருப்பவரிடம் இருக்கும். டொமைன் உங்கள் கணக்குக்கு வந்துவிட்டது என்று நீங்கள் உறுதி செய்த பிறகுதான் விற்பவருக்குப் போகும். விற்பவர் அனுப்பும் எஸ்குரோ லிங்கை அழுத்த வேண்டாம். போலித் தளங்கள் உண்டு. முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.

புதிதாகப் பதிந்த அல்லது சமீபத்தில் இடம் மாறிய டொமைன் என்றால், வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றப் பெரும்பாலும் 60 நாள் பூட்டு இருக்கும். விற்பவர் வைத்திருக்கும் நிறுவனத்திலேயே நீங்களும் கணக்குத் திறந்தால் அங்கேயே கைமாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (சென்னை): எங்கள் பெயரை வேண்டுமென்றே பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறார். சட்டப்படி வாங்க முடியாதா?

பதில்: முடியும், ஆனால் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் உங்கள் டிரேட்மார்க்கைப் போலவே இருக்கிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். டாட் காமுக்கு 1999இல் கொண்டுவந்த, டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் யுடிஆர்பி விதி இது. உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவர் விசாரிக்கக் கட்டணமே 1,500 டாலர்; வக்கீல் செலவு தனி. டாட் இன்னுக்கு, அதை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்சி நடத்தும் தனி முறை உண்டு. சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றமும் டொமைன் பெயருக்கு டிரேட்மார்க்கைப் போலவே பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது.

ஆனால் தேதியைப் பாருங்கள். உங்கள் தொழில் தொடங்குவதற்கு முன்பே அவர் பதிந்திருந்தால், உங்களை நினைத்துப் பதிந்தார் என்று எப்படிச் சொல்வீர்கள்? அப்படியென்றால் பேரம்தான் வழி.

கேள்வி (சேலம்): வெப்சைட் செய்து கொடுத்த தம்பியே பேசி டொமைனை வாங்கித் தருகிறேன் என்கிறார். விட்டுவிடலாமா அக்கா?

பதில்: பேசட்டும். பதிவு மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐடியில், உங்கள் போனுக்கு ஓடிபி வருகிற மாதிரி இருக்க வேண்டும். பிறகு அவரோடு மனஸ்தாபம் வந்தாலும், அவர் வெளிநாடு போனாலும், புதுப்பிக்க முடியாமல் நிற்கப் போவது நீங்கள்தான். ஏற்கெனவே அவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும் இந்த வாரமே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.