டாம்பாவில் வளரும் சிறுவன் ஐஸ் ஹாக்கிக்கு வரலாமா?
வணக்கம். அமெரிக்காவின் வெப்பமான ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள டாம்பாவில் சக்கரக் காலணியில் மட்டுமே ஹாக்கி ஆடிப் பழகிய உங்கள் 9 வயது மகனை இனி ஐஸ் ஹாக்கியில் சேர்த்துப் பயனுண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேருங்கள். 1988-இல் புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாறிய பிறகு அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் அணிகளும் அவற்றையொட்டிப் பயிற்சித் தளங்களும் பெருகின. அரிசோனாவின் பாலைவன வெயிலில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ், 2016-இல் வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கித் தொடரான என்.எச்.எல். அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில் முதல் வீரராக எடுக்கப்பட்டார். உங்கள் ஊர் அணியோ 2004, 2020, 2021 என மூன்று முறை என்.எச்.எல். வாகையருக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றிருக்கிறது.

அவனுக்குச் சிரமம் தரப்போவது ஓட்டமன்று, நிற்பதுதான். ஐஸில் நிற்க வேண்டுமானால், காலணியின் கத்தியைச் செல்லும் திசைக்குக் குறுக்கே திருப்பி, பனித்தூள் சிதறும்படி மேற்பரப்பைச் சுரண்ட வேண்டும். சக்கரத்தில் பழகிய கால் இதற்கு எளிதில் இணங்காது. முதலில் ஓரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலால் சுரண்டிப் பழகட்டும். சில வாரங்கள் விழுவான், பதற வேண்டாம்.

பயிற்சி அரங்கின் கதவு அடிக்கடி திறக்கும் நேரங்களில் ஈரக்காற்று புகுந்து ஐஸ் இளகி, பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) மந்தமாக நகரும். ஆகவே அதிகாலை வகுப்பு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். காலணியை இப்போதைக்கு வாடகைக்கு எடுத்தாலே போதும்.