மேகம் நிரம்பிய ஆலயமும் பண்டிகைக்குப் பிந்திய நாட்களும்: கேள்வி பதில்

(இரண்டாம் நாளாகமம் 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்களை வாசித்த திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரச் சபையார் கேட்டவற்றுக்கு, ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரின் பதில்கள்.)

பாளையங்கோட்டை: ஐயா, சாலொமோன் ராஜா எருசலேமில் கட்டிய ஆலயத்தை அதன் பிரதிஷ்டை நாளில் மேகம் நிரப்பியது. எங்கள் ஆராதனையில் அப்படி ஒன்றும் காணோமே. கர்த்தர் அங்கே இருக்கிறார் என்று எப்படி அறிவது?

120 ஆசாரியர் பூரிகை ஊத, பாடகர் ஒருமித்துத் துதித்த அந்த நேரத்தில் ஆசாரியர் நின்று ஊழியம் செய்யவும் இயலாதபடி மேகம் நிரம்பியது உண்மையே. ஆயினும், பின்னர் ஒவ்வொரு ஓய்வுநாளிலும் அது நடந்ததாக வேதம் கூறவில்லை. இரண்டு மூன்று பேர் தம் நாமத்தில் கூடும் இடத்தில் தாம் இருப்பதாக இயேசு சொன்ன மத்தேயு 18:20 நமக்கு இருக்கிறது. மழைநாளில் நாலைந்து பேர் மட்டும் கூடும் மாலை ஜெபத்துக்கும் அந்த வாக்கு பொருந்தும்.

நாசரேத்: பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனமும் (சபை விருந்தும்) முடிந்த மறுவாரமே கோவில் காலியாகிவிடுகிறதே?

சாலொமோனும் பண்டிகையைக் குறைவின்றி நடத்தினான்: பலிபீடப் பிரதிஷ்டைக்கு ஏழு நாள், பண்டிகைக்கு ஏழு நாள், 22,000 மாடுகள், 1,20,000 ஆடுகள். ஏழாம் மாதம் 23ஆம் தேதி ஜனங்கள் மனமகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்கள். ஆனால், பிரதிஷ்டையில் அவன் செய்த ஜெபத்துக்குக் கர்த்தரின் விரிவான மறுமொழி ஓர் இரவில், கூட்டமோ பாட்டோ இல்லாத வேளையில் வந்தது. முதலாம் இராஜாக்கள் 9ஆம் அதிகாரத்தின்படி அரண்மனையும் கட்டி முடிந்திருந்தது. ஆலயத்துக்கு ஏழு ஆண்டு, அரண்மனைக்குப் பதின்மூன்று ஆண்டு என்பதால், பிரதிஷ்டையில் பலிகள்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட பிள்ளைகள் அதற்குள் வாலிபராகியிருப்பார்கள். அவ்வளவு காலம் கழித்துக் கர்த்தர் பண்டிகையின் சிறப்பைப் பேசவில்லை. நீயும் உன் பிள்ளைகளும் என் கற்பனைகளில் நடப்பீர்களா என்பதையே முன்வைத்தார். அசனச் சோற்றுக்கு வரிசையில் நிற்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அதுவும் ஐக்கியமே. மறுவாரம் வெறுமையாகும் வாங்கைப் பற்றித்தான் சேகரக் கமிட்டி கூடிப் பேசவேண்டும்.

மெஞ்ஞானபுரம்: நம் முன்னோர் பாடுபட்டுக் கட்டிய ஆலயங்களைக் கர்த்தர் கைவிடுவாரா?

எருசலேமியரும் இப்படியே நம்பினார்கள். ‘கர்த்தரின் ஆலயம்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லி நிம்மதியடைந்தவர்களை, முன்பு கர்த்தரின் வாசஸ்தலம் இருந்து பாழாய்ப்போன சீலோவுக்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள் என்று எரேமியா எச்சரித்தார். கர்த்தருடைய மகிமை ஆலயத்தின் வாசற்படிக்கு வந்து, கிழக்கு வாசலைக் கடந்து, நகருக்குக் கிழக்கேயுள்ள மலைமேல் போய் நின்றதை எசேக்கியேல் கண்டார், கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் ஆலயத்தைச் சுட்டெரித்தனர். நம் பக்கத்து இடையன்குடி ஆலயத்தைப் பேராயர் கால்டுவெல் கட்டி முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்று, 1880இல்தான் பிரதிஷ்டை நடந்தது. நாமோ அப்படிப்பட்ட பொறுமையைச் சுதந்தரித்துக்கொண்டு, கல்வெட்டில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று வழக்காடுகிறோம்.

சாயர்புரம்: கர்த்தருக்கு நிலைத்த உண்மையாயிருப்பது என்றால் ஒருபோதும் தவறாதிருப்பதா?

இல்லை. தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி, பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால் மன்னிப்பேன் என்று அதே இரவில் கர்த்தர் சொன்னார் (7:14). தவறுகிறவர்களுக்கே அந்த வசனம்.

மும்பையிலிருந்து, முதலூர்க்காரர்: சொந்த ஊர் ஆராதனையைக் கைப்பேசியில் பார்க்கிறேன். அது போதுமா?

தூர தேசத்திலிருந்து இந்த ஆலயத்துக்கு நேராக விண்ணப்பிப்பவர்களையும் கேட்டருளும் என்று சாலொமோன் வேண்டியது சிறைப்பட்டுப் போனவர்களுக்காக. படுக்கையில் கிடப்பவர்களுக்கு அதைச் சொல்லித் தேற்றுவேன். நடக்கமுடிந்த நீங்கள், தம்பி, ஊருக்குக் காணிக்கை அனுப்புவதோடு நின்றுவிடாமல் அங்குள்ள தமிழ்ச் சபையில் பெயரைச் சேர்த்து, திருவிருந்துக்குப் போய்வாருங்கள்.